பனிக்கடலுக்கு அடியில் ஒரு காடு!

மேற்கு அன்டார்க்டிகாவை ஒட்டியிருக்கிறது அமுண்ட்சன் கடல். கோடையில்கூட பனிப்பாளங்களை உடைத்துக்கொண்டுதான் கப்பல் உள்ளே போக முடியும். கரையில் மரமோ புல்லோ கிடையாது. பைன் ஐலண்ட் என்ற பிரமாண்டமான பனியாறு மட்டும் கடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

2017 தொடக்கத்தில் ஜெர்மனியின் 'போலார்ஸ்டெர்ன்' ஆய்வுக் கப்பல் இங்கே வந்தது. 'மேபோ' என்ற துளையிடும் இயந்திரத்தை கேபிளில் கட்டி, கடல் தரைக்கே இறக்கினார்கள். கப்பலில் இருந்தபடியே அதை இயக்க, தரையைக் குடைந்து, குழாய்க்குள் மண்ணை உருளை உருளையாகச் சேகரித்தது.

கடல் தரைக்குக் கீழே சுமார் 27 மீட்டர் ஆழத்தில் மண்ணின் நிறமே மாறியது. பிறகு சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தால்... உள்ளே பின்னிப் பிணைந்த வேர்கள்! சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வளர்ந்த காட்டின் வேர்கள். கூடவே பூக்கும் செடிகளின் மகரந்தத் தூளும் இருந்தது.

அப்போது அந்த இடம் தென்துருவத்திலிருந்து 900 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. ஆண்டில் நான்கு மாதம் சூரியனே வராது. ஆனாலும், ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 12 டிகிரி செல்சியஸ். காற்றில் கார்பன் டை ஆக்சைடு இன்றைவிடப் பல மடங்கு இருந்ததும், வெயிலைத் திருப்பி அனுப்பும் பெரும் பனிப்போர்வை இல்லாததும்தான் காரணம் என்கிறது, 2020-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு.

இன்று அதே பைன் ஐலண்ட் பனியாறு வேகமாகக் கரைகிறது. அந்த நீர் உலகின் கடல் மட்டத்தையே உயர்த்தும். கார்பன் எவ்வளவு கூடினால் துருவப் பனி தாங்காது என்ற கேள்விக்கு, இந்த மண் உருளைகளில்தான் விடை தேடுகிறார்கள் விஞ்ஞானிகள்.