சாவி கேட்பது யாரு?

ஜவ்வாது மலைக் காவலூரில் மேகம் என்றால் விரோதி. 1986-ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. மேகம் சூழ்ந்தால் அன்றைய ராத்திரி வேலை அம்பேல்! என் அக்கா மகனுக்கோ மேகம் இல்லாவிட்டால் சம்பளமே இல்லை. பையனுக்கு 'கிளவுட்' உத்தியோகம்.

ஆலங்காயத்தில் ஏறிய பஸ்ஸில் ஆரம்பித்தேன். "ஏண்டா, எங்கேயோ வாடகைக்கு ஓடற சர்வருக்குத் தான் யார்னு எப்படித் தெரியும்?"

"அதுவே கேட்டுத் தெரிஞ்சுக்கும் மாமா. அமேசான் சர்வர்ல 169.254.169.254-னு ஒரு விலாசம். உள்ளேருந்து மட்டும்தான் கேட்க முடியும். பைத்தான்ல நாலு வரி எழுதினா, சர்வர் நம்பர், எந்த ஊர்ல ஓடுது, எல்லாம் வந்துடும். சாவி கூட!"

"என்ன சாவி?"

"மத்த இடத்து ஃபைலை எடுக்கற சாவி. சில மணி நேரத்துல காலாவதியாகிடும். போட்டோ3 இருந்தா அதுவே புதுசு வாங்கிக்கும்."

ஸ்டுடியோவில் எடுக்கிற போட்டோ இல்லை சார், பைத்தான் லைப்ரரியின் பெயர் அது. நல்ல ஏற்பாடுதான். புரோகிராமுக்குள்ளேயே பாஸ்வேர்டை எழுதி வைத்துவிட்டு முழிக்க வேண்டாம்.

ஆனால் நான் பி.காம். ஆச்சே! "உள்ளேருந்து யார் கேட்டாலும் கொடுத்துடுமா?"

பையன் குரல் இறங்கியது. "2019-ல அதான் மாமா ஆச்சு."

அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி. வெளியே இருந்த ஒரு பெண்மணி, சரியாகப் பூட்டாத ஃபயர்வாலை ஏவி, உள்ளே போய்ச் சாவி வாங்கி வரச் செய்துவிட்டார். சுமார் 10 கோடி அமெரிக்கர்கள், 60 லட்சம் கனடாக்காரர்களின் விவரங்கள் போயின. 2020-ல் வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம்!

2019 நவம்பரில் அமேசான் புது முறை கொண்டு வந்தது. முதலில் தனியாக விண்ணப்பித்து டோக்கன் வாங்க வேண்டும். அதைக் காட்டினால்தான் பதில். அதிகபட்சம் 6 மணி நேரம் செல்லும். 'இந்த விலாசத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வா' என்று சும்மா ஏவினால் ஒன்றும் பெயராது.

"அப்போ கவலை விட்டுது."

"டோக்கன் கட்டாயம்னு நாமதான் மாத்தி வைக்கணும் மாமா. பழைய சர்வர்ல ரெண்டு முறையும் ஓடும்." சொல்லும்போதே முகம் மாறி, செல்போனை எடுத்தான். டவர் இல்லை. ஆபீஸில் ஏதோ பழைய சர்வர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்!

எந்தக் கேஷியரும் 'நம்ம ஆபீஸ் ஆள்தானே' என்று வவுச்சர் இல்லாமல் பணம் கொடுப்பதில்லை. பெட்டி கேஷ் கேட்டவரிடம் பீரோ சாவியையும் நீட்டுவதில்லை. சர்வருக்கும் அதே கணக்குதான். டோக்கனைக் கட்டாயமாக்குங்கள். சாவிக்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ, அவ்வளவு மட்டும் கொடுங்கள். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்க்காரரை டீ குடிக்க அழைத்துப் போய் இதைக் கேளுங்கள். டீக்காசு உங்களுடையதாகவே இருக்கட்டும், 8 கோடி டாலரை விட மலிவு!