கயிற்றில் ஒட்டிப்போன மணல்

குளச்சலில் அந்தக் காலத்துக் கப்பல்கள் கரைக்கு வந்ததில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு வள்ளங்களில் போய்ச் சேரும். கடலுக்குள் எழுந்து நிற்கும் பாறைகள் அலையைச் சற்று அடக்கித் தரும் ஒதுக்கம்தான் அங்கே துறைமுகம்.

குளச்சல் என்றதும் பேச்சு 1741-க்குப் போய்விடும். மிளகு வணிகத்தைக் காக்க வந்திறங்கிய டச்சுப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா முறியடித்தார். சிறைப்பட்ட டச்சு அதிகாரி டிலனாய் பின்னாளில் திருவிதாங்கூரின் தளபதியானார். கடற்கரையில் வெற்றித்தூணும், உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறையும் இருக்கின்றன.

இந்தக் கரைக்கு அடுத்த யோகம் வந்தது கயிற்றின் வழியாக.

திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய்நார்க் கயிற்றில் மணல் ஒட்டியிருந்தது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதை ஆராய்ந்தார். உள்ளே தோரியம் அடங்கிய மோனசைட் கனிமம்! திருவிழாக்களில் நாம் பார்த்த பெட்ரோமாக்ஸ் மேண்டில் இருக்கிறதே, அது பளீரென்று எரியக் காரணம் தோரியம். ஐரோப்பிய நகரங்கள் காஸ் விளக்கில் ஒளிர்ந்த காலம் அது; தோரியத்துக்கான மோனசைட்டோ பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வந்தது. மணலின் தடம் பிடித்து வந்த ஷோம்பெர்க், குளச்சலுக்குக் கிழக்கே மணவாளக்குறிச்சியில் ஆலை தொடங்கினார்.

மலைப்பாறைகள் சிதைந்து ஆறுகளில் இறங்கிவரும் மணலை இங்கே கடலே சலித்துத் தருகிறது. வெள்ளை மணலை அலை இழுத்துப்போகும். கனமான இல்மனைட், சிர்கான், மோனசைட் எல்லாம் கரையிலேயே கறுப்பாகப் படிந்துவிடும்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியர் என்பதால் ஷோம்பெர்க் கைதானார். தொழில் பிரிட்டிஷார் கைக்குப் போனது. மின்விளக்கு பரவியதும் மேண்டிலுக்கு மவுசு குறைந்தது. ஆனால் மணலின் மதிப்பு விழவில்லை. 1920-களில் இல்மனைட்டுக்குக் கிராக்கி பிறந்தது. அதிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை-ஆக்சைடுதான் பெயின்டுக்கு வெண்மை தருவது. கரியாய்க் கிடந்த மணல் வெளிநாட்டுச் சுவர்களை வெளுக்கப் போனது.

அணுசக்திக் காலம் வந்தபோது தோரியத்துக்குப் புது மதிப்பு. 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவானது. மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் அதன் ஆலை இன்றும் ஓடுகிறது. அதே தோரியத்தால் இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சும் கூடுதல். மணல் அள்ளுவதை எதிர்க்கும் குரல்களும் ஓயவில்லை.

குளச்சலோ மீன்பிடி ஊராகவே நிலைத்துவிட்டது. பக்கத்து இனயத்தில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க 2016-இல் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. கடலோர ஊர்கள் திரண்டு எதிர்த்தன. கப்பல்களுக்காக ஒரு காலத்தில் வள்ளம் தள்ளிய கரைகள்தான் அவை.