ஒரம்பரை வீடா, ஓட்டல் ரூமா?

எங்கள் கொங்குப் பக்கத்தில், சொந்தக்காரர் வீடு இருக்கிற ஊருக்குப் போய் ரூம் போட்டுத் தங்குவது சாதாரணக் காரியமில்லை. “ஏனுங்க, எங்க ஊடு இல்லீங்களா?” என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும். அடுத்த கல்யாணம், அடுத்த காதுகுத்து என்று எங்கே பார்த்தாலும் அந்தப் பேச்சு வரும்.

அதனால்தான், அம்மாவுக்கு முதல் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை கோவையில் நடந்தபோது, ரூம் போடும் யோசனையே எங்களுக்கு வரவில்லை. கோபியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். தினமும் போய்வர 78 வயது அய்யனால் முடியாது. ஆஸ்பத்திரியில் அம்மாவோடு ஒருவர்தான் தங்கலாம், அக்கா தங்கினாள். அய்யனும் நானும் வடவள்ளியில் சித்தப்பா வீட்டுக்குப் போனோம்.

சின்னம்மா கவனிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் சந்தகை, மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம், ராத்திரிக்குக் கொள்ளு ரசம் என்று தாங்கு தாங்கென்று தாங்கினார். ஆனால், மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி வராண்டாவில் அய்யன் தலைசுற்றிச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஓடிவந்த டியூட்டி டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, “நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?” என்று கேட்டார். அய்யன் வாயே திறக்கவில்லை.

டாக்டர் போன பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். “ராத்திரி நாலு தடவ எந்திரிக்கோணும் அம்மிணி. அவங்க படுக்கற ரூமத் தாண்டித்தான் பாத்ரூம். ஒவ்வொருக்காவும் அந்தப் புள்ள முழிச்சுக்குது. அதான், பொழுது எறங்குனா தண்ணி குடிக்கறத நிறுத்திப்போட்டேன்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. வயல்காட்டில் ஒரு காலத்தில் ஒரே மூச்சில் ஒரு சொம்பு நீராகாரம் குடித்த மனுஷன்!

ஒரு மாதம் கழித்து அம்மாவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது, இந்த முறை ரூம்தான் என்று நானே முடிவு செய்தேன். செல்போன் ஆப்பில் தேடினேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜ். படத்தில் பளிச்சென்று வெள்ளை விரிப்பு. வாடகை 1,400 ரூபாய். பட்டனை அழுத்திவிட்டேன்.

ராத்திரி பத்தரை மணிக்குப் போய் நின்றால், “ஆன்லைன் புக்கிங்கா? எங்களுக்கு வரலீங்களே” என்றார் மேஜையில் இருந்தவர். அரை மணி நேரம் பேசி வாங்கிய அறை இரண்டாவது மாடியில். லிஃப்ட் “காலைல ரெடியாயிடுமுங்க.” ஆபரேஷன் ஆன காலோடு அம்மாவை மாடியேற்ற முடியாதென்று, வாடகைக் கார் வைத்து அக்காவோடு ஊருக்கே அனுப்பிவிட்டோம். மறுநாள் ரிப்போர்ட் வாங்க அய்யனும் நானும் மட்டும் தங்கினோம். குளியலறை வாசலில் முக்கால் அடி உயரத்துக்கு ஒரு படி. ராத்திரி இரண்டு மணிக்கு அதில் அய்யன் தடுக்கி, கதவைப் பிடித்துத் தப்பித்தார். முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. அந்த ஒரு விநாடியில் இன்னொரு ஆபரேஷன் தியேட்டர் என் கண் முன்னால் வந்து போனது.

நவம்பரில் அம்மாவின் அடுத்த முழங்காலுக்குத் தேதி குறித்தார்கள். இந்த முறை நிதானமாக உட்கார்ந்து தேடினேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அவிநாசி சாலையில் ஐபிஸ், ஃபேர்ஃபீல்டு, லெமன் ட்ரீ என்று பெரிய நிறுவனங்களின் நடுத்தர ஓட்டல்கள் வந்துவிட்டன. இந்த மாதிரி ‘செயின்’ ஓட்டல்கள் நமக்கு விற்பது ஆடம்பரத்தை அல்ல. எந்த ஊருக்குப் போனாலும் இன்னதுதான் இருக்கும் என்ற உத்தரவாதத்தை. இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு குடும்பஸ்தரின் கோபம் இருக்கிறது. 1951-ல் அமெரிக்காவில் கெம்மன்ஸ் வில்சன் என்பவர் மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு சுற்றுலா போனார். வழியில் தங்கிய இடங்களில் ஒவ்வொரு குழந்தைக்கும் தலைக்கு 2 டாலர் கூடுதலாக வாங்கினார்களாம். கடுப்பாகி, மறுவருஷமே மெம்ஃபிஸ் நகரில் முதல் ‘ஹாலிடே இன்’ ஓட்டலைத் திறந்தார். பெற்றோரோடு தங்கும் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை என்பது அவர் வைத்த விதி.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு கதை உண்டு. டாடா குழுமத்தின் ஓட்டல் நிறுவனம் 2004-ல் பெங்களூருவில் ‘இண்டிஒன்’ என்ற பெயரில் சிக்கன ஓட்டல் ஒன்றைத் தொடங்கியது. அதுதான் பிறகு ‘ஜிஞ்சர்’ ஆனது. அந்தத் திட்டத்தை வடிவமைக்க ஆலோசனை சொன்னவர் மேலாண்மைப் பேராசிரியர் சி.கே.பிரஹலாத். அவர் 1941-ல் பிறந்தது நம் கோயம்புத்தூரில்தான்! இதை அய்யனிடம் சொன்னபோது, “அப்ப இது நம்மூர்க்காரர் போட்ட கணக்குன்னு சொல்லு” என்று கொஞ்சம் இறங்கி வந்தார்.

பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. போர்டு ஒன்றாக இருந்தாலும் கட்டடத்தின் சொந்தக்காரரும் நடத்துபவரும் ஊருக்கு ஊர் மாறலாம். அதனால் அந்தக் குறிப்பிட்ட கிளையைப் பற்றி ஆட்கள் எழுதியதை, புதியது முதலில் வரும்படி வைத்துப் படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, ஒன்று, இரண்டு கொடுத்தவர்களைப் பார்த்தேன். ஒரே புகாரை நாலு பேர் சொல்லியிருந்தால், அந்த ஓட்டலைத் தள்ளிவிட்டேன்.

பிறகு மூன்று ஓட்டல்களுக்கு நேரடியாகப் போன் செய்தேன், அதுவும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல். நமக்கு அவசரம் என்றால் பதில் சொல்லப்போவது அந்த நேரத்தில் இருக்கிற ஆள்தானே! கேட்டது நாலே கேள்வி. பாத்ரூம் வாசலில் படி இருக்கிறதா? பிடித்து எழ கைப்பிடி உண்டா? கரன்ட் போனால் லிஃப்ட் ஓடுமா? இரண்டு தனிக் கட்டில் கிடைக்குமா? இரண்டு இடத்தில், “எல்லாம் இருக்கும் மேடம்” என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு தம்பி, “ஒரு நிமிஷம் இருங்க, போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார். பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் பாத்ரூம் படம் வந்தது. அங்கேயே பதிவு செய்தேன்.

வாடகை ஒரு நாளைக்கு 3,200 ரூபாய், காலை உணவோடு. ஜிஎஸ்டி தனி. 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நாலு நாளைக்கு எல்லாம் சேர்த்து 13,440 ரூபாய். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்ற சலுகை வாடகையும் இருந்தது, கொஞ்சம் மலிவு. வேண்டாமென்று விட்டேன். ஆஸ்பத்திரித் தேதி நம் கையிலா இருக்கிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். நம்மூர் லாட்ஜ்கள் பலவற்றில் உள்ளே போன நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு. செயின் ஓட்டல்களில் பெரும்பாலும் மத்தியானம் உள்ளே, மறுநாள் மத்தியானத்துக்குள் வெளியே. விடியற்காலை ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. வயது வந்த எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும். ஆதார் நகல் கொடுப்பதென்றால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ எடுத்துப் போங்கள். அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். எங்கே ஏறி எங்கே இறங்கினால் உங்கள் ஓட்டல் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவறவிட்டால் ஒரு பெரிய சுற்று!

“பதிமூணாயிரம்... தண்டம்” என்று முனகிக்கொண்டேதான் அய்யன் உள்ளே வந்தார். குளியலறைக்குப் போய், கைப்பிடியை இரண்டு தடவை அசைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டம்ளர். நான் போனைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு சீப்பு பழமும் பூவும் வாங்கிக்கொண்டு வடவள்ளிக்கு ஒரம்பரை போனோம். சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். சாப்பாடு முடிந்ததும் சமையலறையில் சின்னம்மாவிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அடக் கண்ணு! சென்னைக்குப் பையன் ஊட்டுக்குப் போனா நானும் அப்படித்தான். ஏழு மணிக்கு மேல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். மருமக தூக்கம் கெட்டுப்போகுமேன்னு...”

கிளம்பும்போது ஒரு தூக்குப்போசியில் கொள்ளு ரசம் ஊற்றி என் கையில் கொடுத்தார். “ரூம்ல வெச்சு மாமனுக்குக் குடு. ராத்திரிக்கே குடிக்கச் சொல்லு.”