எந்தப் பக்கத்தில் எழுதுவது?



நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று, நமது தமிழ்த் திருப்பலிக்கு முன்னர், ஆலய வாசலில் ஒரு குறிப்பேடு வைப்பது நம் வழக்கம். இடப்பக்கத்தில் வாழ்வோருக்கான மன்றாட்டுகள். வலப்பக்கத்தில் மரித்த நம் உறவினரின் பெயர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு ஞாயிறன்று, நனைந்த குளிரங்கியைக் கழற்றாமலேயே ஒரு தாய் அந்த மேசையருகே நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். பேனை கையில் இருந்தது, ஆனால் எழுதவில்லை. பின்னால் வரிசை நீண்டது. நான் அருகே சென்று, "என்னம்மா, கண்ணாடி கொண்டு வரேல்லையோ? நான் எழுதித் தரட்டோ?" என்று கேட்டேன்.

"கண் தெரியுது, சுவாமி. பெடியன்ர பேரை எந்தப் பக்கம் எழுதிறது எண்டுதான் தெரியேல்லை."

இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. அவருடைய அனுமதி பெற்றே எழுதுகிறேன். பெயரை மட்டும் தவிர்க்கச் சொன்னார்.

அவருடைய மகன் 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து போன மக்களோடு போனவன். அப்போது அவனுக்கு 19 வயது. பேருந்தில் ஏற்றப்பட்டதைக் கண்டவர்கள் உண்டு. இறங்கியதைக் கண்டவர் எவருமில்லை.

அன்று நான் சொன்ன பதிலை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். திருப்பலிக்கு ஐந்து நிமிடமே இருந்தது. ஆலயத்தை அடுத்த வழிபாட்டுக்கு நேரத்தோடு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற பதற்றம் வேறு. "கடவுள் எது செய்தாலும் நன்மைக்கே செய்வார், அம்மா. விசுவாசத்தோடு வாழ்வோர் பக்கத்தில் எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திருவுடை அணியப் போனேன். அவர் பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு உள்ளே சென்று அமர்ந்தார். பின்னர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இரு பக்கங்களிலும் அந்தப் பெயர் இல்லை.

அன்று நான் முதலாம் நற்கருணை மன்றாட்டைச் சொன்னேன். அதில் குருவானவர் இருமுறை தாமதிப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எழுந்தேற்றத்துக்கு முன், வாழ்வோரை நினைத்து ஒரு மௌனம். எழுந்தேற்றத்துக்குப் பின், நமக்கு முன் சென்றோரை நினைத்து மற்றொரு மௌனம். முதல் மௌனத்தில் அந்தப் பிள்ளையை நினைக்க முயன்றேன்; துணிவு வரவில்லை. இரண்டாவதில் நினைப்பதற்கோ மனம் ஒப்பவில்லை. ஒரு தாயிடம் ஐந்து நொடியில் தீர்த்துவைத்த கேள்வி, பீடத்தில் என்னையே மறித்து நின்றது.

இது தாய்மார் மட்டும் கேட்கும் கேள்வி என்றும் எண்ண வேண்டாம். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தையாக இருந்த ஜிம் பிறவுண் அடிகளார் 2006 ஆகஸ்டில் காணாமற்போனார். பிரான்சிஸ் யோசப் அடிகளார் 2009 மே மாதம் சரணடைந்த மக்களோடு தாமும் சென்றார், திரும்பவில்லை. அவர்களை எந்த மௌனத்தில் நினைப்பது என்று அதுவரை நான் என்னைக் கேட்டதே இல்லை. கேளாமலிருப்பது வசதியாக இருந்தது.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை இரவு. குருக்கள் நாள்தோறும் சொல்லக் கடமைப்பட்ட கட்டளைச் செபத்தில், வெள்ளி இரவுக்குரியது 88 ஆம் திருப்பாடல். குருப்பட்டம் பெற்ற நாள் முதல் வாரந்தோறும் சொல்லிவருகிறேன். உறங்கப் போகுமுன் சொல்வதாகையால், பல இரவுகளில் அரைத் தூக்கத்தில் சொல்லி முடித்ததும் உண்டு. அன்று முடியவில்லை.

துயரத்தில் எழுந்த திருப்பாடல்கள் பல உள்ளன. பெரும்பாலானவை எங்கோ ஓரிடத்தில் திரும்பிவிடும். 13 ஆம் திருப்பாடல் முறையீட்டில் தொடங்கிப் பாடலில் முடிகிறது. சிலுவையில் ஆண்டவர் எடுத்துச் சொன்ன 22 ஆம் திருப்பாடலும் புகழ்ச்சியில் சென்று சேர்கிறது. 88 மட்டும் திரும்புவதில்லை. ஏமான் என்பவர் பெயரால் வழங்கும் அந்தப் பாடலில், அவர் இறைவனை நேருக்கு நேர் குற்றஞ்சாட்டுகிறார்: குழியில் தள்ளியவர் நீர், நண்பர்களை அகற்றியவர் நீர், முகத்தை மறைத்துக்கொண்டவரும் நீரே என்ற பொருளில். இறைவன் பதில் சொன்னதாக ஒரு சொல்லும் இல்லை. எபிரேய மூலத்தில் அப்பாடலின் கடைசிச் சொல்லே இருளைக் குறிப்பது. அதன்பின் ஒன்றுமில்லை.

இப்படியொரு செபத்தைத் திருச்சபை விலக்கிவைக்கவில்லை. ஆண்டவர் மரித்த கிழமையின் இரவுக்கென்று தெரிந்தெடுத்துத் தன் குருக்கள், துறவியர் வாயில் வைத்திருக்கிறது. நன்மைக்கே என்று நான் அந்தத் தாயின் வாயை அடைத்தேன். திருச்சபையோ அவர் சொல்ல நினைத்ததை எனக்கே கடமையாக்கி வைத்திருந்தது.

அதே பாடலின் முதல் வரிக்கு அன்றுதான் மீண்டும் சென்றேன். அங்கே அவர் இறைவனைத் தம் மீட்பர் என்று அழைத்தே தொடங்குகிறார். இரவும் பகலும் கூப்பிடுகிறார். பதில் வராத கதவை விட்டு அவர் வேறு கதவுக்குப் போகவில்லை. நம்பிக்கை என்று நான் மறையுரைகளில் விளக்கியது வேறு, இங்கே நிற்கும் இந்த மனிதரிடம் இருப்பது வேறு. கெத்சமனியிலும் இதுதானே நடந்தது? லூக்கா எழுதுவதைக் கவனித்துப் பாருங்கள்: வானதூதர் வந்து ஆண்டவரைத் திடப்படுத்துகிறார், அதன் பிறகுதான் அவர் இன்னும் உருக்கமாக மன்றாடுகிறார், வியர்வை இரத்தத் துளிகள் போல விழுகிறது. தூதர் வந்தார், கிண்ணம் அகலவில்லை.

(கைபேசியில் "இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள், மாலைக்குள் அற்புதம்" என்று வருகின்றனவே, அவற்றை எனக்கு அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அற்புதம் நிகழாத வீடுகளும் அந்தப் பத்துப் பேரில் உண்டு. அவர்கள் தங்கள் விசுவாசத்தில்தான் குறை என்று எண்ணிக்கொள்வார்கள்.)

அடுத்த ஆகஸ்டில் கேவலார் யாத்திரையில் அவரைக் கண்டேன். அங்கே வணங்கப்படும் மாதாவின் படம் எவ்வளவு சிறியது என்று முதன்முறை செல்வோர் வியப்பது வழக்கம். உள்ளங்கையில் அடங்கும் அச்சுத்தாள் அது. முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், போர்வீரர் கைவழி வந்து, 1642 இல் புஸ்மன் என்ற ஊர் ஊராகச் செல்லும் வியாபாரி கட்டிய சிறு மாடத்தில் குடிகொண்டது. துயருறுவோரின் ஆறுதல் என்பதே அங்கே அன்னையின் பெயர். துயரை நீக்குபவள் என்று அவளுக்குப் பெயரிடவில்லை.

சிற்றாலயத்தின் வெளியே மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் போய், "அண்டைக்கு நான் சொன்னது பிழை, அம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். "பரவாயில்லை, சுவாமி. எல்லாரும் அதைத்தான் சொல்லுறவை" என்றார். அது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

இம்முறை ஆயத்தத்தோடு போயிருந்தேன். சதுசேயருக்கு ஆண்டவர் அளித்த மறுமொழியை எடுத்துச் சொன்னேன். கடவுள் வாழ்வோரின் கடவுள், அவர் பார்வையில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்; ஆகவே அவருக்கு முன் பக்கங்கள் இரண்டில்லை என்றேன்.

கவனமாகக் கேட்டார். பிறகு, "அது அவருக்குச் சரி, சுவாமி. எனக்கு?" என்றார்.

சற்றுநேரம் கழித்து அவரே பேசினார். 2008 ஏப்ரலில் மடுவில் சண்டை நெருங்கியபோது, மடு மாதாவின் திருச்சுரூபத்தைக் குருக்கள் பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்குக் கொண்டு போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு ஆகஸ்டில் அது திரும்பியது. "மாதா நாலு மாசத்தில வீட்டை வந்திட்டா, சுவாமி. நான் ஒவ்வொரு வருசமும் அவவிட்டை இதைத்தான் கேக்கிறனான். நீங்கள் வந்திட்டியள், என்ர பிள்ளை எங்கை எண்டு."

கோபமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, காற்றில் அணைந்த திரியை மீண்டும் பற்றவைத்தார்.

அவர் கேட்ட "எனக்கு?" என்பதற்கு நான் இன்னமும் பதில் வைத்திருக்கவில்லை. செய்யக்கூடியதாக ஒன்றே தென்பட்டது. முதலாம் மன்றாட்டின் இரண்டு மௌனங்களுக்கும் நடுவில், எழுந்தேற்றத்தின்போது, ஆண்டவரின் உடலைக் கையில் உயர்த்தும் கணத்தில், வாய் திறவாமல் அந்தப் பிள்ளையின் பெயரை நினைக்கிறேன். வாழ்வோருக்கும் மரித்தோருக்கும் இடையே அப்போது நிற்பவர் அவர் ஒருவரே. இதை அந்தத் தாயிடம் சொன்னபோது தலையை மட்டும் அசைத்தார். போதும் என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் குறிப்பேட்டை நான் மாற்றவில்லை. பழைய இரண்டு பக்கங்களே. திருப்பலிக்குப் பின் எடுத்துப் பார்த்தபோது, இரு தாள்களும் சேரும் தையல் மடிப்பில், நூலின் மேலேயே, நெருக்கி எழுதப்பட்ட ஒரு பெயர் இருந்தது. அன்று தொடக்கம் ஆண்டுதோறும் அந்த மடிப்பில் எழுதுவோர் கூடிவருகின்றனர். சென்ற ஆண்டு ஏழு பெயர்கள்.

இவ்வாண்டும் கேவலாரில் அவரைச் சந்தித்தேன். முழங்கால் வலியால் இருக்கையில் அமர்ந்தபடி, பேத்தியை விட்டு மெழுகுதிரி வாங்குவித்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிடப் பெரிய திரியாக இருக்கிறதே என்றேன்.

"வாற மார்கழியோட அவனுக்கு 36, சுவாமி" என்றார்.