பிளாஷ் வெளிச்சமும் அம்மாவின்ர கேள்வியும்

எங்கட ஆக்களின்ர பழைய அல்பங்களைப் புரட்டிப் பாருங்கோ. வீட்டுக்குள்ள எடுத்த படங்களில பாதி ஒரே மாதிரித்தான் இருக்கும். முன்னால நிக்கிற ஆள் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளிறிப்போய், பின்னால ஹோல் முழுக்க மஞ்சளாய், குசினிப் பக்கம் பச்சை அடிச்சு, ஜன்னலில மட்டும் நீலமாய். ஒரே அறைக்குள்ள நாலு விதமான வெளிச்சம்.

"கமரா சரியில்லை" எண்டு சொல்லுவினம். கமராவில பிழையில்லை. குண்டு பல்பின்ர வெளிச்சம் ஏறக்குறைய 2700 கெல்வின், அதாவது நல்ல மஞ்சள். பிளாஷ் பகல் வெளிச்சம் மாதிரி 5500 அளவில. ரியூப் லைற்றுக்குள்ள பாதரச ஆவி இருக்கிறதால அதில பச்சை கொஞ்சம் தூக்கல். எங்கட கண்ணும் மூளையும் சேர்ந்து இதையெல்லாம் சமாளிச்சு வெள்ளைச் சேலையை வெள்ளையாய்க் காட்டிப்போடும். கமராவுக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை.

இதென்ன பெரிய விசயமோ எண்டு கேப்பியள். 2003இல, போர்நிறுத்த காலம், மகளின்ர முதலாவது பிறந்தநாள் படங்களைக் கிளிநொச்சிக்கு அனுப்பினனாங்கள். ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்ற் வீடு, பதிஞ்ச கூரை. ஒரு நண்பர் சின்னக் கமராவால எடுத்த படங்கள். அம்மாவிட்டயிருந்து பதில் வந்துது. கேக்கைப் பற்றியோ சட்டையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. பிள்ளையின்ர முகத்தில ஏன் இரத்தமில்லை, சோகையோ, டொக்டரிட்டக் காட்டினியளோ எண்டு ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி. பேத்தியைப் படத்தில மட்டும் பார்த்த மனிசி. அவவுக்குப் பிள்ளையின்ர நிறம் எண்டால் பிள்ளையின்ர சுகம். 2009க்குப் பிறகு அப்பிடிக் கேள்வி கேட்டு எழுத அவ இல்லை.

அதுக்குப் பிறகுதான் நான் இந்த விசயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினனான்.

பிளாஷ் வெளிச்சம் தூரம் போகப் போகக் கெதியாய்க் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி. அதால கிட்ட நிக்கிற முகத்தில பிளாஷின்ர நிறம், தூரத்துச் சுவரில பல்பின்ர நிறம். பிறகு கொம்பியூட்டரில நிறத்தை மாத்துவம் எண்டு வெளிக்கிட்டால் மாட்டுப்படுவியள். சுவரைச் சரிப்பண்ணினால் முகம் நீலிக்கும், முகத்தைச் சரிப்பண்ணினால் சுவர் இன்னும் மஞ்சளாகும்.

ஆனபடியால் படம் எடுக்க முதலே பிளாஷை அறையின்ர நிறத்துக்குக் கொண்டுவாறதுதான் வழி. சி.ரி.ஓ. எண்டு ஒரு செம்மஞ்சள் ஜெல் தாள் விக்குது. பிளாஷின்ர முகத்தில ஒரு துண்டை ஒட்டினால் அதின்ர வெளிச்சம் 3000 கெல்வின் பக்கம் இறங்கும். கடுமை குறைஞ்ச பாதித் தாளெண்டால் 3800 அளவில நிக்கும். முழுத்தாள் ஏறக்குறைய பாதி வெளிச்சத்தைத் தின்னும், அதையும் கணக்கில எடுக்கவேணும். கமராவின்ர வைற் பலன்ஸை ஓட்டோவில விடாமல் பல்பு அடையாளத்துக்கு மாத்துங்கோ. ரியூப் லைற் மட்டும் இருக்கிற மண்டபமெண்டால் மெல்லிய பச்சைத் தாள். வீட்டிலயெண்டால் அதுவும் தேவையில்லை, குசினி ரியூப்பை நிப்பாட்டிவிட்டால் சரி. நூத்துக்குத் தொண்ணூறு தரம் சுவிச்சுத்தான் மலிவான பில்ரர்.

ஷட்டரையும் பாருங்கோ. 1/200 செக்கனில அறை வெளிச்சம் பதியிறது குறைவு, படத்தில பிளாஷ்தான் ஆளும். 1/30 அளவுக்கு இறக்கினால் சுவரும் பல்பும் தங்கட நிறத்தோட உள்ளுக்கு வரும். சின்னப் பிள்ளையள் ஓடித் திரிஞ்சால் கொஞ்சம் கலங்கும்தான். பிளாஷைக் கூரையில பட்டுத் தெறிக்கவிடுறது நல்லது, ஆனால் வெள்ளைக் கூரையாய் இருக்கவேணும். பச்சைப் பெயின்ற் அடிச்ச சுவரில அடிச்சால் எல்லாரும் பச்சைதான்.

ஜன்னலை என்ன செய்யிறது? புத்தகங்களில கண்ணாடிக்கும் தாள் ஒட்டச் சொல்லியிருக்கும். எனக்கு அதில உடன்பாடில்லை. மார்கழியில ரொறன்ரோவில நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கும், வெளியில பனி நீலமாய்த்தான் கிடக்கும். அது நாங்கள் இருக்கிற நாட்டின்ர நிறம், அப்பிடியே விடலாம். சாமி அறை விளக்கும் அப்பிடித்தான். எண்ணெய் விளக்கு 2000 கெல்வினுக்கும் கீழ. அதை வெள்ளையாக்க நிண்டால் சாமிப்படம் எல்லாம் நீலமாகிப்போம்.

எங்கட தோலுக்கும் இதில ஒரு பங்கிருக்கு. கொடாக் கொம்பனி படம் கழுவுற இடங்களுக்கு நிறம் பார்க்கக் குடுத்த மாதிரி அட்டைகளில கனகாலமாய் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான். மற்ற நிறத்துப் பெண்களும் சேர்ந்த அட்டை 1990களின்ர நடுப்பகுதியிலதான் வந்தது. எங்கட மாநிறம் நேர பிளாஷில சாம்பலாய்ப் போகும், மஞ்சள் பல்பில மட்டும் எடுத்தால் செங்கல்லாய்ப் போகும். இரண்டுக்கும் நடுவில பிடிக்கப் பாதித் தாள் நல்லாய் உதவும்.

இப்ப குண்டு பல்பு குறைஞ்சு எல்லா இடமும் எல்.ஈ.டி. சிக்கல் தீர்ந்ததெண்டு நினைக்காதேங்கோ. ஒரே கூரையில 2700 ஒண்டு, 4000 ஒண்டு, 5000 ஒண்டு எண்டு பூட்டி வச்சிருக்கிற வீடுகளுக்குப் போயிருக்கிறன். மலிவு எல்.ஈ.டி. சிலதில சிவப்பு சரியாய் எழும்பாது, கூறைச்சேலை மண்ணிறமாய்த் தெரியும். வீட்டில ஏதும் விசேசம் வைக்கிற ஆக்கள் பல்பு வாங்கேக்க பெட்டியில கெல்வின் எத்தினை எண்டு பார்த்து, முழுக்க ஒரே இலக்கமாய் வாங்குங்கோ. படம் எடுக்க வாற பெடியனுக்கு அரைவாசி வேலை குறையும்.