கூடத்தில் ஒரு பொதுச் சொத்து

கைப்பேசிக்கு ஆள் உண்டு. இது அண்ணனுடையது, அது அண்ணியுடையது என்று மேசைமேல் கிடக்கும்போதே தெரிந்துவிடும். அடுத்தவர் எடுத்துத் தள்ளிப் பார்த்தால் நமக்கு முகம் மாறுகிறது. மடிக்கணினிக்கு வேலை உண்டு. அலுவலகம், கல்லூரி, வருமான வரிக் கணக்கு என்று ஏதோ ஒன்றுக்காகத் திறந்து, முடிந்ததும் மூடிவிடுகிறோம். டேப்லெட்டுக்கு ஆளும் இல்லை, வேலையும் இல்லை. நம் ஊர் வீடுகள் பலவற்றுக்குள் அது 2020, 2021 வாக்கில் ஆன்லைன் வகுப்பைச் சாக்கிட்டு வந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் பீரோவுக்குள் போனது. சின்னது சோறு தின்ன அடம்பிடிக்கும் நாளில் வெளியே வரும், கார்ட்டூன் ஓடும், சார்ஜ் தீரும், மறுபடி பீரோ.

வாங்கிய காசு வீண் என்று புலம்புகிறவர்களிடம் நான் மாறுபடுகிறேன். இது யாருக்கும் உரியதாக இல்லாமல் இருப்பதுதான் இதன் பலம். வீட்டில் நாளிதழும் பொதுவாக இருந்தது, வானொலிப் பெட்டியும் பொதுவாக இருந்தது. கைப்பேசி வந்து எல்லாவற்றையும் ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுத்த பிறகு, மின்னணுச் சாமான்களில் பொதுவில் மிஞ்சியது தொலைக்காட்சி மட்டும்தான். டேப்லெட்டை அந்த வரிசையில் சேர்க்கலாம் என்பது எங்கள் மயிலாடுதுறை வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்த விஷயம்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. அமெரிக்கக் கணினி அறிஞர் ஆலன் கே, 1972ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் நோட்டுப் புத்தக அளவுக் கணினியைக் கற்பனை செய்து அதற்கு டைனாபுக் என்று பெயரிட்டார். அவர் மனத்தில் இருந்தது ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளும் கருவி. 2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகம் செய்தபோது மேடையில் ஒரு சோபா நாற்காலி போட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்து இயக்கிக் காட்டினார். கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றுக்கு இடம் உண்டு என்பது அவர் வாதம். அந்த நடு இடம் எதற்கானது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது போலும். ஆப்பிள் தன் சொந்தக் கால்குலேட்டர் செயலியை ஐபேடுக்குக் கொடுத்ததே 2024இல்தான். மேடையில் இருந்த நாற்காலியில் ஒருவர்தான் உட்கார முடியும். எங்கள் கூடத்தில் ஊஞ்சல் இருக்கிறது, பாய் இருக்கிறது, சுவரோரம் அம்மாவின் கட்டில் இருக்கிறது.

டேப்பை ஒரு ஸ்டாண்டில் நிறுத்திக் கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்த பிறகு, எந்தச் செயலி இருக்கலாம், எது போகலாம் என்பதற்கு ஒரு கேள்வி தானாக அமைந்தது. இரண்டு பேர் சேர்ந்து பார்க்கவோ கேட்கவோ அதில் ஏதாவது உண்டா? இல்லையென்றால் அதன் இடம் கைப்பேசி.

முதலில் போனவை பணம் சம்பந்தப்பட்டவை. யுபிஐ செயலியைப் பதிவு செய்ய, வங்கியில் கொடுத்த எண்ணிலிருந்து அந்தக் கருவி வழியாகவே ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். சிம் போடாத வைஃபை டேப்பில் அது நடக்காது. வாங்கிய புதிதில் இதைக் குறை என்பார்கள். பணம் புழங்காத கருவியைத்தான் வருவோர் போவோர் கை படும் இடத்தில் நிம்மதியாக வைக்க முடியும். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் அடுத்து போயின. மிச்சமிருந்த செயலிகளின் அறிவிப்பு மணிகளை அணைத்தோம். ஆண்ட்ராய்டு டேப்பில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ள வசதி உண்டு. அதையும் வைக்கவில்லை. தனித்தனி அறை கட்டிவிட்டு அதைக் கூடம் என்று சொல்வதில் பொருளில்லை.

நிலைத்தவற்றில் முதலிடம் படிக்கும் செயலிக்கு. 10.1 அங்குலத் திரையை நிமிர்த்தி வைத்தால் அகலம் 13.6 செ.மீ., உயரம் 21.7 செ.மீ. வருகிறது. நம் பதிப்பகங்கள் டெமி 1/8 என்று சொல்லும் நூலின் பக்கமும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆகவே தமிழ் மின்னூலகத் தளத்திலிருந்து இறக்கிய பழைய நூலின் ஸ்கேன் பக்கம், அச்சிட்ட அளவிலேயே கண்ணெதிரில் நிற்கிறது. கைப்பேசியில் அதே பக்கத்தை விரலால் விரித்து, வரிக்கு வரி இடமும் வலமும் தள்ளிப் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்தப் பக்கங்களில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா எல்லாம் வரும். அண்ணன் மகள் அங்கே தடுமாறுவாள். அம்மா கட்டிலில் இருந்தபடியே, “அது லைடி, மேல சுழிச்சிருக்கு பாரு” என்பார். தன் கைப்பேசியில் தனியாகப் படித்திருந்தால் அவள் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பாள். நிமிர்ந்து நிற்கும் திரையை இருவரும் பார்ப்பதால்தான் திருத்தம் உடனே வருகிறது.

அம்மாவுக்கு அரை மணிக்கு மேல் கண் ஒத்துழைப்பதில்லை. அதன் பிறகு படித்துக் காட்டும் செயலியின் முறை. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். செயலியால் அதை நேரடியாக வாசிக்க முடியாது. எழுத்தாகத் தட்டச்சு செய்த நூலாக இருக்க வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. அந்த உழைப்பின் பலனை அன்றைக்குத் தட்டச்சு செய்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்களா தெரியாது. இன்று அது கண் மங்கிய ஒருவருக்குக் காதில் விழுகிறது. இயந்திரக் குரலுக்கு உரைநடை ஓரளவு வரும். செய்யுளில் புணர்ந்து கிடக்கும் சொற்களை எங்கே பிரிப்பது என்று தெரியாது, ஒரே மூச்சில் ஓடும். அம்மா அதை நிறுத்தச் சொல்லித் தானே சீர் பிரித்துச் சொல்வார். கேட்க வந்தவர் ஆசிரியராகிவிடுவார். குரல் இன்னும் கொஞ்சம் தேறிவிட்டால் இந்தச் சுகம் போய்விடுமோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

சாயங்காலம் டேப் தம்பூராவாகிறது. அண்ணன் மகளுக்கு ஐந்தரைக் கட்டை. செயலியில் அது ஜி ஷார்ப் என்று இருக்கும். ஒரு கட்டைக்கு சி என்று தொடங்கி எண்ணிக்கொண்டால் போதும். அவள் சுருதிக்கு டேப்பின் ஒலிபெருக்கி தாங்குகிறது. அண்ணன் ஒன்றரைக் கட்டைக்குப் பாட உட்கார்ந்தால் சிக்கல். அந்தச் சுருதியில் தம்பூராவின் மந்திர சட்ஜம் ஏறக்குறைய 70 ஹெர்ட்ஸ். இத்தனை மெல்லிய கருவியின் ஒலிபெருக்கியால் அவ்வளவு கீழே இறங்கி ஒலிக்க முடியாது. மேலே உள்ள ஸ்வரங்கள் மட்டும் ரீங்காரமிடும், அடித்தளம் இருக்காது. புளூடூத் ஒலிபெருக்கி ஒன்றை இணைத்ததும் கூடமே நிறைகிறது.

பாட்டு கற்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதி. கேசட் காலத்தில் வேகம் குறைந்தால் சுருதியும் சேர்ந்து இறங்கும். டேப் ரிக்கார்டரில் பாட்டரி தீரும்போது பாடகர் குரல் தடித்துப்போனது நினைவிருக்கும். இப்போதைய செயலிகள் முக்கால் வேகத்தில் ஓட்டினாலும் சுருதியை அப்படியே நிறுத்துகின்றன. வேகமான ஒரு சங்கதியை அவிழ்த்துப் பார்க்க முடிகிறது. அவள் ஒரு வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது, அடுக்களையில் இருக்கும் அண்ணிக்கும் அது பாடமாகிவிடுகிறது.

ஐப்பசி பிறந்துவிட்டால் டேப்புக்கு ஊர்ப் பொறுப்பு வந்து சேரும். குறுவை அறுவடையின் கடைசிக் கட்டமும் வடகிழக்குப் பருவமழையும் எங்கள் பக்கத்தில் முட்டிக்கொள்ளும் மாதம் அது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் வரம்பு என்பதால், அறுத்ததைக் களத்திலோ சாலையிலோ காயவைத்தாக வேண்டும். பரப்பிய பிறகு மழை வந்தால் போச்சு. பக்கத்து வீட்டு மாமா காலையில் வந்து ஊஞ்சலில் உட்கார்ந்து, “பாப்பா, காரைக்கால் ரேடாரைப் போடு” என்பார். வானிலை ஆய்வு மையத்தின் காரைக்கால் டாப்ளர் ரேடார் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். படம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். நீலம் லேசான மழை, மஞ்சள் தாண்டிச் சிவப்பு போனால் கனத்த மழை. அடுத்தடுத்த படங்களை ஓடவிட்டால் கடலிலிருந்து வரும் மேகக்கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்பது அவருக்கே புரிந்துவிடும்.

அடுத்த நாளைக்கு ரேடார் உதவாது, அதற்கு விண்டி செயலி. ஐரோப்பிய மையத்தின் கணிப்பும் அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். கணிப்பும் அதில் மாற்றி மாற்றிப் பார்க்கக் கிடைக்கும். சில நாள் ஒன்று மழை என்னும், மற்றது வெயில் என்னும். “ரெண்டு ஜோசியனும் ஒண்ணாச் சொன்னா நெல்லைப் பரப்புறேன்” என்பது மாமாவின் கொள்கை. இடி மழைக் காலத்தில் புனே ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலியையும் பார்க்கிறோம், 20 கி.மீ., 40 கி.மீ. சுற்றளவில் மின்னல் விழும் இடங்களை அது காட்டும். வயலில் ஆள் நிற்கும்போது அது விளையாட்டுச் சமாசாரம் அல்ல. மாமாவிடமும் நல்ல கைப்பேசி இருக்கிறது, அதிலும் இதெல்லாம் வரும். ஆனாலும் இங்கே வருகிறார். படத்தைப் பார்ப்பதோடு, அதைப் பற்றி யாருடனாவது பேசியும் ஆக வேண்டியிருக்கிறது அவருக்கு.

இதுவரை சொன்ன செயலிகள் எல்லாம் வீட்டில் முன்பே இருந்த தேவைகளுக்கு வந்தவை. படிப்பும் பாட்டும் மழைக் கவலையும் டேப்புக்கு மூத்தவை. இதை வைத்து, பழைய பழக்கத்துக்குத் தோள் கொடுக்கும் செயலி மட்டுமே நிலைக்கும் என்று ஒரு விதி எழுதிவிடலாமா என்று பார்த்தேன். மெர்லின் அதைக் கெடுத்துவிட்டது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தரும் இலவசச் செயலி அது. 2021இல் அதில் குரல் கேட்டுப் பறவையைச் சொல்லும் வசதி சேர்ந்தது. நம் பகுதிக்கான தொகுப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம். கொல்லையில் கொண்டுபோய் வைத்தால், வரும் ஒலிகளைத் திரையில் கோலமாக வரைந்துகொண்டே பறவைகளின் பெயரைப் பட்டியலிடும்.

எங்கள் வீட்டில் யாருக்கும் பறவை நோக்கும் பழக்கம் கிடையாது. கோடை நண்பகலில் விடாமல் கேட்கும் ‘டொக் டொக்’ ஓசையைத் தெருக்கோடியில் யாரோ பாத்திரம் தட்டுவதாகவே அம்மா எடுத்துக்கொண்டிருந்தார். அது அரசமரத்துக் குக்குறுவான் என்று தெரிந்ததில் அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. செம்போத்து கத்தும்போது மட்டும், “இதுக்கெல்லாம் டேப் வேணுமாக்கும்” என்று முந்திக்கொள்வார். ஆங்கிலத்தில் வரும் பெயருக்கு ஊர்ப் பெயர் என்ன என்று அவரும் பேத்தியும் முட்டி மோதுவார்கள். யாரும் கேட்காத செயலி. ஆனால் இருவர் கேள்வியில் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகத் தேறியது அதுதான்.

பொதுச் சொத்து என்றால் சண்டையும் உண்டு. தம்பூரா நேரமும் கிரிக்கெட் நேரமும் மோதும். யூடியூபில் ஒருவர் பார்த்ததை வைத்து அடுத்தவருக்குப் பரிந்துரை வரும். அண்ணி பார்த்த சமையல் வீடியோவுக்குக் கீழே அண்ணனின் அரசியல் மேடைப் பேச்சு வந்து நிற்கும். பரீட்சைக்குப் படிப்பது, மனத்துக்குள் படிக்க வேண்டிய நாவல், டைரி இவற்றுக்கெல்லாம் இது உதவாது. அவை தனிமை கேட்பவை. அவற்றுக்கு வேறு இடம் இருக்கிறது.

ஆயுளும் குறைவுதான். முதல் ஐபேடுக்கு 2012இல் வந்த ஐஓஎஸ் 5.1.1தான் கடைசி, வெளிவந்து இரண்டே ஆண்டுகள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்புகளின் கதையும் பெரும்பாலும் இப்படித்தான். மென்பொருள் புதுப்பிப்பு நின்றதும் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைகழுவும். ஆனால் இணையம் கேட்காத, கடவுச்சொல் கேட்காத செயலிகள் அப்படி எளிதில் நிற்பதில்லை. இறக்கி வைத்த நூல்களும் தம்பூராவும் மின்கலம் தாங்கும் வரை ஓடும். அந்த மின்கலத்தையும் நாள் முழுக்க சார்ஜரிலேயே செருகி வைக்காமல் இருந்தால், உப்பிப் போகாமல் கூடுதலாகச் சில ஆண்டுகள் வரும்.

டேப் வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் எத்தனை ஜி.பி., எந்த கம்பெனி என்று நான் தொடங்குவதில்லை. வீட்டில் எங்கே வைப்பீர்கள், அங்கே யாரெல்லாம் உட்காருவார்கள் என்று கேட்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் ஒரு பெரியவர் இதற்கு, “நான் ஒருத்திதானே, எனக்கெதற்கு?” என்றார். அவருக்குத்தான் அதிகம் தேவை என்றேன். கைப்பேசியில் வீடியோ அழைப்பு வந்தால் ஒரு கை அதைப் பிடிப்பதிலேயே போய்விடும். பேச்சும் நலம் விசாரிப்போடு முடிந்துவிடும். திரையை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் அவர் இங்கே கீரை ஆய்வார், மகள் அங்கே துணி மடிப்பாள். பேச்சு நின்றாலும் அழைப்பைத் துண்டிக்க வேண்டியதில்லை. கூடத்துக்கு வேண்டிய இரண்டாவது ஆள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.