சாகித்தியம் இல்லாத கல்

குடுமியான்மலையில் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில், ஏழாம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில் ஓர் இசைப்பாடம் வெட்டியிருக்கிறது. கோயிலில் இருப்பதால் பக்தி இசை என்று முடிவுகட்டிவிடுவது சுலபம். ஆனால் அதில் சாகித்தியமே, அதாவது பாடல் வரிகளே, கிடையாது. மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என ஏழு பகுதிகள். எல்லாவற்றிலும் நந்நான்காகக் கோத்த ஸ்வரங்கள். ர, ரி, ரு, ரெ என்று ஒரே ஸ்வரம் நான்கு உயிரோடு வருகிறது. சிலவற்றின் தலையில் புள்ளி. இவற்றுக்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். வெட்டுவித்தவன் தன்னை உருத்திராசாரியரின் மாணவன், பரம மாகேசுவரன், அரசன் என்கிறான், பெயர் சொல்லவில்லை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் என்பது நம் ஊகம். நோக்கத்தை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறான்: மாணவர் நலன்.

தொடக்கத்தில் சிவனுக்கு வணக்கம் இருக்கிறதே என்பார்கள். மளிகைக் கணக்கிலும்தான் பிள்ளையார் சுழி இருக்கிறது. அதனால் கணக்கு தேவாரம் ஆகிவிடுமா? அப்படியானால் இது உலகியல் இசையா என்றால், அதுவும் இல்லை. வெறும் பாடம்தான் என்றால் சிவன் சன்னிதிக்குப் பக்கத்துப் பாறையைத் தேடியிருக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்கும் தேவை அந்த அரசனுக்கு இருக்கவில்லை என்பதே என் வாதம்.

கோடு கிழித்தவர்கள் பட்ட பாட்டுக்கு மறுமலர்ச்சிக்கால ஐரோப்பாவைப் பார்க்கலாம். ‘லோம் ஆர்மே’ என்ற, ஆயுதம் தரித்தவனைப் பற்றிய பிரெஞ்சுப் பாட்டின் மெட்டை அடித்தளமாக வைத்து டியுஃபாய், ஜோஸ்கேன் முதலானோர் திருப்பலி இசை அமைத்தார்கள். 1562இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் தகாத இசையைத் திருப்பலியிலிருந்து விலக்கச் சொன்னது. 1570இல் பாலஸ்திரீனா அதே மெட்டில் ஒரு திருப்பலி இசையை வெளியிட்டார். 1582இல் இன்னொன்று, அதற்கு ‘நான்காம் திருப்பலி’ என்று மட்டும் பெயர். மெட்டு போகவில்லை, பெயர்தான் போயிற்று. ஐரோப்பா எதற்கு, விராலிமலையே போதும். அங்கே முருகன் கோயிலில் ஆடிய சதிர் நடனத்தில் பதங்கள் என்ற காதல் பாடல்கள் உண்டு. நாயகி விரகத்தில் வாடுவாள், கேட்பவர் கடவுள். அந்த மரபின் முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அது காதலா பக்தியா என்று வகைபிரிப்பது எளிதல்ல; கடைசியில் சதிரே கோயிலிலிருந்து வெளியேறிவிட்டது.

குடுமியான்மலைக்குப் போகிறவர்கள் மண்டபத்துச் சிற்பங்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மேலைக்கோயில் பக்கமும் போய், அந்த ஸ்வரங்களின் முன் சற்று நேரம் நில்லுங்கள்.